ஹேண்ட் பிரேக் கீழேதான் இருந்தது

கரமனையில் எங்கள் தெருவில் யாரும் ஹேண்ட் பிரேக் போடுவதில்லை. இது எங்கும் எழுதி ஒட்டப்பட்ட விதியல்ல. எழுதி ஒட்டப்பட்ட விதிகளைவிட ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படுவது. இரண்டு வரிசை வீடுகள், வீட்டுக்கு வீடு பொதுச்சுவர், நடுவே ஒரு வண்டி போகலாம், ஓரமாக ஒரு வண்டி நிற்கலாம். தெருவின் அகலமே அவ்வளவுதான். கார் வாங்கியவர்கள் எல்லோரும் வடக்கு ஓரமாக வரிசையாக நிறுத்துகிறோம். உற்சவத்தில் சப்பரம் வரும்போது, தண்ணீர் லாரி வரும்போது, யார் வீட்டுக்காவது ஆம்புலன்ஸ் வரும்போது அந்தக் கார்களை நகர்த்தியாக வேண்டும். அதற்காக ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே ஸ்டியரிங்கை நேராக வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, முன் சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டை கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுவோம். தேவைப்படுகிறவர் கல்லை எடுத்துவிட்டுக் காரைக் கையால் தள்ளுவார். தள்ளிய இடத்தில் கல்லை மறுபடி வைப்பார். யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

ஒருமுறை வாடகைக்குக் குடியிருந்த ஒரு கம்ப்யூட்டர் என்ஜினீயர் ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு, கம்பெனி பஸ்ஸில் கழக்கூட்டம் போய்விட்டார். மாலையில் சப்பரம் வந்து அந்தக் காரின் முன்னால் நின்றது. ஒன்பது பேர் சேர்ந்து காரைத் தூக்கி நகர்த்தும்வரை நாதஸ்வரக்காரர் ஒரே ராகத்தை இழுத்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதத்தில் அந்த என்ஜினீயர் வீட்டைக் காலி செய்தார். அதற்குக் காரணம் வேறாக இருக்கலாம். தெருவில் நாங்கள் ஹேண்ட் பிரேக் என்றே நம்புகிறோம்.

இவ்வளவும் சொல்வது என் முட்டாள்தனத்துக்கு ஒரு பின்னணி கொடுப்பதற்காக. ஒன்பது வருடம் கார் வைத்திருந்தும் நான் ஹேண்ட் பிரேக்கைத் தொட்டதில்லை. அந்த நெம்புகோலில் காய்கறிப் பையை மாட்டிவைப்பேன். ஆகவே டாஷ்போர்டில் வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட ஒரு சிவப்பு விளக்கு உண்டு என்பது, சாவியைத் திருப்பும்போது எல்லா விளக்குகளும் எரிந்து அணையும் அந்த ஒரு கணத்தில் பார்த்ததோடு சரி. அது ஹேண்ட் பிரேக்குக்கான விளக்கு என்று மட்டும் தெரியும். அதற்கு இன்னொரு வேலை இருக்கிறது என்று தெரியாது. தெரியாததோடு விட்டிருக்கலாம். தெரிந்த மாதிரி பேசினேன்.

என் மனைவி ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றில் டெக்னீஷியன். நரம்பு பிடிப்பதில் கெட்டிக்காரி. மற்றவர்கள் மூன்று இடத்தில் குத்திப் பார்த்துக் கைவிட்ட கையை இவளிடம்தான் அனுப்புவார்கள். பதினெட்டு வருடம் நகரத்துக்குள் ஒரு கிளையில் வேலை பார்த்தாள். கழக்கூட்டத்தில் புதிதாக ஒரு கிளை திறந்தபோது அதன் பொறுப்பை ஏற்க முடியுமா என்று கேட்டார்கள். அவளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. சுற்றிலும் ஐ.டி. கம்பெனிகள், ஹாஸ்டல்கள். எல்லோரும் ஆபீஸ் போவதற்கு முன்னால் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருவார்கள். ஆகவே காலை ஆறு மணிக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். சாவி பொறுப்பாளரிடம். அந்த நேரத்துக்குக் கரமனையிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர முடியாது. மூன்று மாதம் பார்ப்போம், நேரத்துக்குத் திறக்க முடியவில்லை என்றால் வேறு ஏற்பாடு செய்துகொள்கிறோம் என்று லேப் டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்காக அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். டிரைவிங் ஸ்கூலில் ஒரு பெண் ஆசிரியை, இரண்டாவது முயற்சியில் லைசென்ஸ். முதல் மாதம் நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனேன். உட்கார்ந்து போனேன் என்பது மரியாதையான சொல். கிளட்சை விடு, கண்ணாடியைப் பார், லாரிக்காரனுக்கு வழி விடு என்று நேர்முக வர்ணனை செய்துகொண்டே போனேன். கழக்கூட்டத்தில் அவளைக் காரோடு விட்டுவிட்டு, பஸ்ஸில் திரும்பி வந்து, வஞ்சியூரில் நீதிமன்றத்துக்குப் போவேன். நான் அங்கே பெஞ்ச் கிளார்க். வழக்குக் கட்டுகளை எடுத்து வைப்பதும் ஆவணங்களுக்கு எண் போடுவதும் சாட்சிகளைக் கூப்பிடுவதும் என் வேலை. இருபத்தாறு வருடமாக மனிதர்கள் சத்தியம் செய்துவிட்டுப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யார் உண்மை சொல்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிட முடியும் என்ற மிதப்பு எனக்கு உண்டு.

அவள் ஒவ்வொரு சிக்னலிலும் ஹேண்ட் பிரேக்கை இழுப்பாள். ஸ்கூலில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எனக்கு அது தாங்காது. "இது என்ன ரயிலா? கால்ல மிதிச்சாப் போறாதா?" என்பேன். ஒருநாள் தெருவிலும் பழக்க தோஷத்தில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு நிறுத்திவிட்டாள். தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்தது. எதிர்வீட்டுக்காரர் எங்கள் கல்லை எடுத்துவிட்டுத் தள்ளியிருக்கிறார். கார் நகரவில்லை. அவர் மின்வாரியத்தில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பேசினால் கம்பத்தின் மேலே நிற்கிறவனுக்குக் கேட்க வேண்டும் என்ற கணக்கில்தான் பேசுவார்.

"ஓய், வண்டிய நிறுத்தினது நீரா, ஆத்துக்காரியா?" என்று வாசலில் நின்று கேட்டார்.

"அவதான்."

"அதானே பார்த்தேன். நம்ம தெரு வழக்கத்தை அவளுக்கு மனசிலாக்கிக் குடும்."

நான் சிரித்துக்கொண்டே போய் இறக்கிவிட்டேன். அவள் உள்ளே குக்கரின் பக்கத்தில் நின்றிருந்தாள். காதில் விழாமல் இருக்க வழியில்லை. அதற்குப் பிறகு அவள் தெருவில் ஒருநாளும் ஹேண்ட் பிரேக் போடவில்லை.

இரண்டாவது மாதத்திலிருந்து அவள் தனியாகப் போக ஆரம்பித்தாள். ஐந்து மணிக்கு எழுந்து, ஐந்து இருபதுக்குக் கல்லை நகர்த்திவிட்டுக் கிளம்புவாள். மதியம் இரண்டு மணிக்குள் வந்துவிடுவாள். ஒரு புதன்கிழமை மாலை நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"ஏன்னா, இன்னிக்கு ஈஞ்சக்கல்ல திரும்பறச்சே ஒரு சிவப்பு லைட் வந்துது. வட்டத்துக்குள்ள ஆச்சரியக்குறி. ஒடனே அணைஞ்சுடுத்து."

"ஹேண்ட் பிரேக்கை முழுக்க எறக்கியிருக்க மாட்டே."

"எறக்கிட்டேனே."

"எறக்கினதா நெனச்சிருப்பே. பாதியில நின்னிருக்கும்."

"திரும்பறச்சே மட்டும் வந்துது. நேராப் போறச்சே இல்லை."

"அது அப்படித்தான் இருக்கும்," என்றேன்.

எது எப்படித்தான் இருக்கும் என்று எனக்கே தெரியாது. பேப்பரை விரித்துக்கொண்டேன். இவ்வளவுதான் நடந்தது. ஒரு கண்ணாடி டம்ளர் காப்பி குடித்து முடிக்கும் நேரத்தில் நான் ஒரு வழக்கை விசாரித்துத் தீர்ப்பும் சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் இரண்டு தடவை சொன்னாள். ஆக்குளம் பாலத்தில் இறங்கும்போது வந்தது, சாக்கையில் சடாரென்று மிதித்தபோது வந்தது. லேப் புத்தி அவளுக்கு. விளக்கு வந்த இடம், நேரம், ஹேண்ட் பிரேக் இருந்த நிலை எல்லாவற்றையும் கைபேசியில் குறித்துவைத்திருந்தாள். நீட்டினாள். நான் பார்க்கவில்லை. ஒர்க் ஷாப்பில் ஒருதடவை காட்டிவிடலாமா என்று கேட்டாள். நெம்புகோலை ஒழுங்காக இறக்கத் தெரியாததற்கு மெக்கானிக்கிடம் போனால் சிரிப்பான் என்றேன். இன்னொன்றும் செய்தேன். எதிர்வீட்டுக்காரரிடம் இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டே கழக்கூட்டம்வரை போய்விட்டு வருகிறாள், டயர் தேய்ந்து போகும் என்றேன். அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மறுநாளிலிருந்து அவர் காலை நடைக்குக் கிளம்பும்போது, இவள் காரில் ஏறும் நேரமாகப் பார்த்து, "ஹேண்ட் பிரேக் எறக்கியாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார். நல்ல எண்ணத்தோடு கேட்டதுதான். தினமும் கேட்டார். அந்த நேரத்துத் தெருவில் அது கடைசி வீடுவரை கேட்டிருக்கும். ஒருநாள் கோவிலில் அர்ச்சகர்கூடக் கேட்டாராம்.

நான் கவனிக்காமல் இல்லை. அவள் கிளம்பும் விதம் மாறிவிட்டது. காரில் உட்கார்ந்து நெம்புகோலை மேலே இழுப்பாள், கீழே விடுவாள், மறுபடி இழுப்பாள், மறுபடி விட்டு உள்ளங்கையால் அழுத்துவாள். எட்டுப் பத்து தடவை. படுக்கையிலிருந்தே அந்தக் கிறீச் சத்தத்தை எண்ணியிருக்கிறேன். வழியில் விளக்கு வந்தால் ஓரமாக நிறுத்தி அங்கேயும் அதையே செய்வாளாம். இதனால் ஒருநாள் ஆறு பத்துக்குத்தான் கதவைத் திறந்தாள். இன்னொரு நாள் ஆறே காலாகிவிட்டது. வாசலில் வெறும் வயிற்றோடு காத்திருந்த ஒருவர் டாக்டருக்கே போன் செய்து புகார் சொல்லிவிட்டார். இனி ஒருமுறை நடந்தால் மூன்று மாதம்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னதாக இவள் சொன்னாள். அப்போதும் நான், "அப்படின்னா சீக்கிரமாக் கெளம்பு," என்றுதான் சொன்னேன்.

ஐந்தாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, மதியம் வந்தவள் கார் சாவியை என் மேஜைமேல் வைத்துவிட்டாள். மாலையில் நான் வந்தபோது அது அங்கே இருந்தது.

"நேக்கு ஓட்ட வரலை," என்றாள். "மிதிச்சா நிக்க வேண்டிய எடத்துல நிக்கறதில்லை. பயமா இருக்கு. ஆரையாவது இடிச்சுட்டேன்னா? வேண்டாம். பழைய எடத்துக்கே போறேன்னு டாக்டர்கிட்ட எழுதிக் குடுத்துடறேன்."

நின்று யோசித்திருந்தால் அந்த ஒரு வாக்கியத்திலேயே எல்லாம் இருந்தது. மிதித்தால் நிற்கவில்லை என்கிறாள். நான் அதை அவள் காலின் குறையாகவே கேட்டேன். ஆளுக்கு ஒன்று வரும், ஒன்று வராது, வருத்தப்படாதே என்று சமாதானம் சொன்னேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு உள்ளே கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. கார் மறுபடி என்னுடையது. காலையில் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுப் போவாள்.

மறுநாள் மதிய இடைவேளையில் நானே அந்தக் கடிதத்தை நீதிமன்றக் கம்ப்யூட்டரில் ஆங்கிலத்தில் அடித்தேன். எனக்குக் கடிதம் அடிப்பதில் சிரமமே கிடையாது. வாகனம் ஓட்டுவதில் எனக்குள்ள இயலாமை காரணமாக இப்பொறுப்பைத் தொடர முடியாத நிலையில் இருக்கிறேன் என்று வருகிற மாதிரி, பிசிறில்லாமல், ஒரே பத்தி. அவள் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். திங்கட்கிழமை நான் நீதிமன்றத்துக்குப் போகும் வழியில் லேப்பின் தலைமை ஆபீசில் கொடுப்பதாக ஏற்பாடு. அதுவரை கழக்கூட்டத்தில் ஹாஸ்டலில் இருக்கும் ஒரு ஜூனியர் பெண்ணிடம் இன்னொரு சாவியைக் கொடுத்து, கதவைத் திறந்துகொள்ளச் சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. காரை எடுத்துக்கொண்டு அரிசி வாங்க ஆரியசாலைக்குப் போனேன். வெகுநாளைக்குப் பிறகு தனியாக ஓட்டுகிற குஷி. கிள்ளிப்பாலம் திருப்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி. என் கை தானாகக் கீழே போயிற்று. ஹேண்ட் பிரேக் கீழேதான் இருந்தது. காய்கறிப் பை அதில் தொங்கிக்கொண்டிருந்தது. பையை எடுத்துவிட்டு அழுத்தினேன். விளக்கு அணையவில்லை. மேலே இழுத்துக் கீழே விட்டேன். அணையவில்லை. அப்போதும் எனக்கு என்ன தோன்றியது என்பதை ஒளிக்காமல் எழுத வேண்டும். இழுத்து இழுத்து இவள் நெம்புகோலைக் கெடுத்துவிட்டாள் என்று தோன்றியது.

ஆரியசாலைச் சந்துக்குள் நுழைந்தேன். முன்னால் கொத்தமல்லி மூட்டைகளோடு ஒரு கைவண்டி நின்றது. மிதித்தேன். பெடல் வழக்கமான இடத்தில் நிற்காமல் கீழே கீழே போயிற்று. தரையைத் தொடும்போதுதான் கொஞ்சம் பிடித்தது. கார் மெதுவாக, மிக நிதானமாக, நான் பார்த்துக்கொண்டிருக்கவே போய்க் கைவண்டியில் முட்டியது. மேல் மூட்டை ஒன்று சரிந்து விழுந்து பிரிந்துகொண்டது. கைவண்டிக்காரரின் கால் சக்கரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது.

அவர் சத்தம் போடவில்லை. காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாரே, பிரேக் இல்லாத வண்டியுமா சந்தைக்குள்ள வாறது?" என்றார்.

அப்போதுதான் பயந்தேன். சந்துக்குள் பத்து கிலோமீட்டர் வேகத்தில் நடந்தது இது. இதே காரை அவள் ஐந்து வாரமாக பைபாஸில், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, விடிவதற்கு முன்னால் ஓட்டியிருக்கிறாள். சாவியை எடுத்துவிட்டு இறங்கினேன். கைவண்டிக்காரரும் நானும் குந்தி உட்கார்ந்து கொத்தமல்லியை வாரி மூட்டைக்குள் போட்டோம்.

பாப்பனங்கோட்டில் ஒர்க் ஷாப் வைத்திருப்பவருக்குப் போன் செய்தேன். பாறசாலைப் பக்கத்துக்காரர், தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் பேசுவார். ஸ்கூட்டரில் வந்து பானட்டைத் திறந்தார். ஓரமாக ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. அதன் பக்கவாட்டில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. பிரேக் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே அடியில் கொஞ்சம் கிடந்தது. கையோடு கொண்டுவந்திருந்த பாட்டிலிலிருந்து ஊற்றி, பெடலைப் பலமுறை மிதித்துப் பார்த்து, அவரே மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். ஒர்க் ஷாப்பில் பின் சக்கரத்தைக் கழற்றியதும் உள்பக்கம் முழுக்க ஈரம். வீல் சிலிண்டர் ஒழுகுகிறது என்றார். ஆயில் குறைந்தால் அந்தச் சிவப்பு விளக்கு எரியும். கொஞ்சமாகக் குறைந்திருக்கும்போது வண்டி திரும்பினாலோ சடாரென்று நின்றாலோ டப்பாவுக்குள் ஆயில் ஒதுங்கும், அந்த நேரம் மட்டும் எரிந்து அணையும். திரும்பும்போது மட்டும் வருகிறது என்று முதல் நாளே அவள் சொன்னது இதைத்தான்.

"லைட்டு எத்தற நாளா வருது சாரே?"

"அஞ்சு வாரம் இருக்கும்."

அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "அஞ்சு வாரமா? ஆரு ஓட்டினது?"

"என் வீட்டுல."

"சேச்சி ஒண்ணும் பறையலையா?"

நான் இருபத்தாறு வருடமாகச் சாட்சிகளைப் பார்க்கிறவன். பொய் சொல்கிறவர்கள் யோசித்துப் பொய் சொல்வதில்லை, வாய்க்கு எது பக்கத்தில் இருக்கிறதோ அதைச் சொல்லிவிடுவார்கள். "இல்லை, சொல்லலை," என்றேன்.

அவர் "ம்" என்றுவிட்டு மறுபடி சக்கரத்துக்குள் தலையைக் கொடுத்தார். நாளை ஞாயிற்றுக்கிழமையானாலும் மதியம்வரை இருப்பேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். பிரேக் ஆயில் ஒழுகியது, விளக்கு அதற்காகத்தான் எரிந்தது, கைவண்டியில் இடித்துவிட்டேன். "லைட் காட்டினது சரிதான்," என்றேன். நீ சொன்னது சரிதான் என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் வித்தியாசம். மெக்கானிக்கிடம் சொன்ன பொய்யை மட்டும் சொல்லவில்லை. அவள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டாள்.

"ஆருக்காவது அடி பட்டுதா?"

"இல்லை."

"வண்டிய எடுக்க நாளைக்கு நானும் வரேன்."

ஞாயிற்றுக்கிழமை போனோம். மெக்கானிக் கழற்றிய பழைய சிலிண்டரை ஒரு காகிதத்தில் வைத்திருந்தார். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. ரப்பர் எங்கே தேய்ந்திருக்கிறது என்று அவளிடம் காட்டினார். காட்டிவிட்டு, கூடப்பிறந்தவளிடம் பேசுகிற மாதிரி அக்கறையாகச் சொன்னார்.

"சேச்சி, சிவப்பு லைட்டு வந்தா மறைச்சு வைக்கப்பிடாது, கேட்டீங்களா. சாரிட்ட அப்பவே சொல்லிடணும். உயிர் போற காரியமாக்கும்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த ஸ்பானர்களைப் பார்த்தேன். கூண்டில் நிற்கிற சாட்சி வாய் திறப்பதற்காக நீதிபதி பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அவள் அதைவிட அதிகமாகவே காத்திருந்தாள். பிறகு அவரிடம் திரும்பி, "சரி, இனி சொல்றேன்," என்றாள். சாவிக்குக் கை நீட்டினாள். அவர் என்னிடம் கொடுக்கத்தான் நீட்டியிருந்தார்.

அவள்தான் ஓட்டினாள். கரமனைப் பாலத்துக்கு முன்னால் வண்டிகள் நின்றுவிட்டன. மிதித்த இடத்தில் கார் நின்றது. அவள் இன்னொரு முறை பெடலை மிதித்துப் பார்த்துக்கொண்டாள்.

"அவன்கிட்ட நான் சொல்லலைன்னு சொன்னேளா?"

"ஆமாம்."

"ஏன்?"

"வெக்கமா இருந்தது."

"நேக்கு அஞ்சு வாரமா வெக்கமா இருந்தது," என்றாள்.

குரலில் கோபமில்லை. அது இருந்திருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது பேசி ஒப்பேற்றியிருப்பேன். பாலத்தைத் தாண்டும்வரை மன்னிப்புக் கேட்பதற்கான வாக்கியத்தை மனதுக்குள் அடித்து அடித்துத் திருத்திக்கொண்டிருந்தேன். தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். சின்னதாக, "தப்பு என்மேலதான்," என்று மட்டும் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். மன்னித்துவிட்டேன் என்ற ஆட்டல் இல்லை அது. ஆமாம் என்ற ஆட்டல்.

வீட்டுக்குள் வந்ததும் அந்தக் கடிதத்தைக் கேட்டாள். என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே இன்னொரு தடவை வாசித்தாள். "இயலாமைன்னு எவ்வளவு நன்னா இங்கிலீஷ்ல எழுதியிருக்கேள்," என்றாள். நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். பிறகு ஜூனியர் பெண்ணுக்குப் போன் செய்து, நாளை நானே வந்து திறக்கிறேன் என்றாள். போனை வைத்துவிட்டு என்னிடம் ஒரே ஒரு காரியம் கேட்டாள்.

"நாளைக்குக் கோர்ட்டுக்குப் போறதுக்கு முந்தி அந்த ஒர்க் ஷாப்புக்குப் போய், நான் மொதல் நாளே சொன்னேன்னு அவன்கிட்ட சொல்லிட்டுப் போங்கோ."

"இதுக்காகப் பாப்பனங்கோடுவரைக்குமா? போன்ல சொல்லிடறேனே."

"பொய்ய நேரா நின்னு சொன்னேளோல்லியோ. நேரா நின்னே சொல்லுங்கோ."

திங்கட்கிழமை காலை ஐந்து இருபதுக்கு அவள் கிளம்பினாள். நான் படுக்கையில் விழித்துக்கொண்டிருந்தேன். நெம்புகோலின் கிறீச் சத்தம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் வழக்கம்போல் விசாரித்தது காதில் விழுந்தது. அவள் என்ன பதில் சொன்னாளோ, கார் போய்விட்டது. ஐந்து ஐம்பதுக்குக் கதவைத் திறந்துவிட்டதாகக் கைபேசியில் ஒரு வரி வந்தது.

நான் எட்டே முக்காலுக்குப் பாப்பனங்கோட்டுக்கு பஸ் ஏறினேன். மெக்கானிக் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தார். இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. கூப்பிட்டேன். "சொல்லுங்க சாரே, கை ஒழிவில்லை," என்று அடியிலிருந்து குரல் வந்தது. அந்தப் பாதங்களிடம்தான் சொன்னேன்.

"சனிக்கிழமை என் வீட்டுல சொல்லலைன்னு சொன்னேன். அது பொய். அவள் முதல் நாளே சொன்னாள். பல தடவை சொன்னாள். ஒர்க் ஷாப்புக்குப் போகணும்னும் சொன்னாள். நான்தான் காதில் போட்டுக்கலை."

அவர் ஒரு போல்ட்டைத் திருகி முடித்தார்.

"அது எனக்கு நேத்தே மனசிலாச்சு சாரே," என்றார். "சொல்லாம இருந்த ஆளுங்க, அய்யோ மறந்து போச்சேன்னு சொல்லுவாங்க. சேச்சி சாரைப் பார்த்தாங்க." பிறகு, "அங்க பதினாலாம் நம்பர் ஸ்பானர் கெடக்கும், இங்கோட்டு எடுத்துத் தாங்க," என்றார். எடுத்துக் கொடுத்தேன். கையில் ஒட்டிய கிரீஸைத் துடைக்க அங்கே சுத்தமான துணி எதுவும் இல்லை.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அவளே கூப்பிட்டாள்.

"சொல்லியாச்சா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். சேச்சி சாரைப் பார்த்தாங்க என்பது உட்பட. அந்தப் பக்கம் யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிடுவது கேட்டது.

"அவனுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள். "தெருவுக்குத் தெரியாது. சாயந்தரம் எதிராத்து மாமாகிட்டயும் போய்ச் சொல்லிடுங்கோ. சத்தமாச் சொல்லுங்கோ, அவர் சொல்ற மாதிரி. வைக்கட்டுமா, எட்டுப் பேர் காத்துண்டிருக்கா."

வேனுக்கு அடியில் கிடந்த ஆளிடம் சொல்வது அத்தனை கஷ்டமாக இருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எதிர்வீட்டுக்காரரைத் தினமும் முகத்துக்கு முகம் பார்க்க வேண்டும். அவரோடு சேர்ந்து தொடையில் தட்டிச் சிரித்தவன் நான். அன்று நீதிமன்றத்தில் இரண்டு ஆவணங்களுக்கு எண்ணை மாற்றிப் போட்டுவிட்டேன், நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் வந்தபோது கார் வரிசையில் தன் இடத்தில் நின்றது, எங்கள் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு எதிர்வீட்டுப் படியில் ஏறினேன்.